தலைநகரின் பூங்காக்களும் பத்துமலைத் திடலும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களைக் கொண்டே எழுதுகின்றனர். எந்த மாளிகை எந்த ஆண்டில் எழுந்தது, எந்தப் பாலம் யார் பெயரைத் தாங்கியது என்பன நூல்களில் இடம்பெறுகின்றன. கட்டடம் எழாத இடங்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் மக்கள் மாலையில் காற்று வாங்கிய புல்வெளியும், பிள்ளைகள் ஓடி விளையாடிய திடலும், திருநாளில் உறவினர் கூடியமர்ந்த மரநிழலும் நகர வரலாற்றின் பக்கங்களே ஆகும். ஒரு நகரம் தன் குடிகளுள் யாரை நினைத்தது, யாரை மறந்தது என்பதை அந்தத் திறந்த வெளிகள் நமக்குத் தெளிவாகவே எடுத்துரைக்கும்.

கோலாலம்பூரில் ஆட்சியாளர் திட்டமிட்டு அமைத்த பூங்காக்கள் பல உள்ளன. அவற்றின் வரலாறு அரசாங்க ஏடுகளில் பதிவாகியுள்ளது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நடந்து சென்று தமக்கெனப் பொது இடமாக்கிக் கொண்ட திடல் ஒன்றும் உண்டு. அது பத்துமலையின் அடிவாரம். அதனைக் கோயில் என்று அறிவோம். சுற்றுலாத் தலம் என்றும் அறிவோம். நம் பாட்டன் பாட்டியருக்கு அதுவே பூங்காவாகவும் இருந்தது என்பதை மட்டும் மறந்து வருகிறோம். அந்த மறதியைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்கா யாருக்கு?

தமிழருக்குப் பூங்கா புதியதன்று. மணிமேகலைக் காப்பியம் புகார் நகரின் சோலைகள் பலவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. மணிமேகலை மலர் கொய்யச் சென்ற உவவனத்தை அறியாதார் இலர். அச்சோலைகளுள் அரசனும் அவன் சுற்றத்தாரும் உலாவுதற்குரியதும் இருந்தது. மக்கள் எளிதில் நெருங்கலாகாததும் இருந்தது. எந்தச் சோலைக்குள் யார் நுழையலாம் என்னும் வினா அவ்வளவு பழமையானது.

எல்லாருக்கும் உரிய பூங்காவை அரசே பொதுப்பணத்தில் அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஆலைப் புகையால் மூச்சுத் திணறிய இங்கிலாந்து நாட்டு நகரங்களில் அது பிறந்தது. 1847ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெர்க்கன்ஹெட் பூங்கா அதற்கு முன்னோடி. 1850இல் அதனைக் கண்டு வியந்த அமெரிக்கர் ஒல்ம்ஸ்டெட், பின்னர் நியூயார்க் நகரின் நடுப்பூங்காவை வடிவமைத்த இருவருள் ஒருவரானார்.

அவ்வெண்ணம் தமிழகத்தையும் எட்டியது. சென்னையில் ஆளுநர் டிரெவெல்யன் 1859ஆம் ஆண்டில் மக்கள் பூங்கா ஒன்றைத் தோற்றுவித்தார். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையதாக அது விளங்கியது. பின்னர் அந்நிலத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது, மூர் சந்தை எழுந்தது, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கமும் எழுந்தது. ஒவ்வொன்றும் நகருக்குத் தேவையானதே. ஆனால் அத்தேவைகளுக்கெல்லாம் இடம் கொடுத்த பூங்கா இன்று பெயரளவில் நிற்கிறது. பெயரில் மக்கள் இருந்தால் மட்டும் பூங்கா நிலைத்துவிடாது என்பதற்குச் சென்னை சான்று பகர்கிறது.

ஏரிப் பூங்காவின் பிறப்பு

இனி நம் தலைநகருக்கு வருவோம். 1880களில் கோலாலம்பூர் ஈயச் சேற்றிலிருந்து எழுந்து கொண்டிருந்த சிறு நகரம். 1886ஆம் ஆண்டில் கிள்ளான் பக்கம் செல்லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அத்தாப்புக் கூரைகள் நீங்கிச் செங்கல் வீடுகள் பெருகின. அச்செங்கல்லைச் சுட்ட களமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.

1888ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலக் கருவூல அதிகாரியாக விளங்கிய ஆல்ஃபிரட் வென்னிங், நகருக்கு மேற்கே இருந்த பள்ளத்தாக்கில் ஒரு பூங்கா அமைக்கலாம் என்று ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாமிடம் எடுத்துரைத்தார். 173 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. காடு திருத்தப்பட்டது. சிற்றாறு அணைகட்டித் தடுக்கப்பட்டு ஏரியாயிற்று. ஸ்வெட்டன்ஹாம் துணைவியாரின் பெயரால் அதற்குச் சிட்னி ஏரி எனப் பெயர் சூட்டினர். 1889ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் சிசில் கிளெமென்டி ஸ்மித் அதனைத் திறந்து வைத்தார்.

அழகிய பூங்காதான். ஆயினும் அதனைச் சுற்றி யார் குடியிருந்தனர் என்று பார்த்தால் அது யாரை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது என்பது விளங்கும். குன்றுகளின் மேல் உயர் அதிகாரிகளின் இல்லங்கள் இருந்தன. ஏரிக்கரையில் 1890ஆம் ஆண்டில் தோன்றிய மன்றம் ஐரோப்பியருக்கே உரியதாக நெடுங்காலம் இருந்து வந்தது. பூங்காவின் வாயிலில் யாரையும் தடுத்து நிறுத்தியதாகக் கூற வேண்டியதில்லை. மண்வெட்டி பிடித்த கையும் சேறு படிந்த காலுமாக ஒருவன் அங்கே சென்று உட்காரத் துணிவானா என்பதே வினா.

நகரின் நடுவிலிருந்த திடலும் அத்தகையதே. 1884இல் தொடங்கிய சிலாங்கூர் மன்றத்தின் எதிரே பரந்திருந்த அந்தப் புல்வெளியில் வெள்ளையர் கிரிக்கெட் ஆடினர். அந்தத் திடலிலேதான் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் பிரித்தானியக் கொடி இறங்கி நம் நாட்டுக் கொடி ஏறியது. ஏரிப் பூங்கா 1975இல் தாமான் தாசேக் பெர்டானா ஆயிற்று. 2011இல் பெர்டானா தாவரவியல் பூங்கா என்னும் பெயர் பெற்றது. இன்று எல்லா இனத்தாரும் அங்கே உலவுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த நிலைக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

உழைத்தவர் இளைப்பாறியது எங்கே?

ஏரிப் பூங்கா உருவான அதே 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார் ஹென்றி ரிட்லி என்னும் அறிஞர். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர் அங்கே ஆராய்ந்து வகுத்தார். பூங்காவில் வளர்ந்த அந்த ரப்பர் மரம் மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக்கியது. அந்தத் தோட்டங்களுக்கே நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, பால்மரங்களுக்கிடையே நாளெல்லாம் நடந்த மக்களைச் சுற்றிப் பசுமைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பசுமை அவர்களுடையதன்று. ஒவ்வொரு மரமும் கணக்கில் இருந்தது. லயத்து வாசல், கோயில் முன்றில், பிள்ளைகள் பந்து விளையாடும் திடல், கள்ளுக்கடை ஆகியவையே அவர்களுக்கு எஞ்சிய வெளிகள். அவையும் தோட்டத்து நிலமே, துரையின் ஆணைக்குட்பட்டவையே. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருப்புப்பாதைப் பணியில் இருந்தோர் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. குடியிருப்பு வேலையைச் சார்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

இத்தகைய வாழ்வில், எவருடைய கணக்கிலும் சேராத ஒரு வெளி மனிதனுக்குத் தேவைப்பட்டது. யாரிடமும் அனுமதி கேளாமல் குடும்பத்தோடு சென்று ஒரு பகலும் ஓர் இரவும் தங்கக்கூடிய இடம் தேவைப்பட்டது. அதனை அவர்களுக்கு அளித்தது பத்துமலை.

பத்துமலை பொது இடமான வரலாறு

பத்துமலையை முதலில் கண்டவர் நாமல்லர். தெமுவான் பழங்குடியினர் அக்குகைகளைத் தங்குமிடமாகப் பயன்படுத்தி வந்தனர். 1860களில் சீனர் குகைகளிலிருந்து வௌவால் எச்சத்தை அள்ளிச் சென்று காய்கறித் தோட்டங்களுக்கு உரமிட்டனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் ஹார்னடே அங்கு சென்று எழுதிய பின்னரே மேலைநாட்டார் அதன் பெருமையை அறிந்தனர். பத்து என்பது கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். அருகே ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயரே மலைக்கும் வந்தது. நம்மவரோ அதனைத் தமிழ் எண்ணாகக் கொண்டு, பத்தாவது மலை என்று முருகன் தலங்களின் வரிசையில் சேர்த்து மகிழ்ந்தனர். சொல்லாராய்ச்சிக்கு அது பொருந்தாது, அன்புக்குப் பொருந்தும்.

இம்மலையைத் தமிழர்க்கு உரியதாக்கியவர் கா. தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரிற் பிறந்த அவர், 1875இல் ரெசிடென்ட் டேவிட்சனுடன் சிலாங்கூருக்கு வந்தார். கருவூலத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றினார். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவரும் அவரே. பத்துமலைப் பெருங்குகையின் வாயில் வேல் வடிவில் தோன்றக் கண்டு, 1891ஆம் ஆண்டில் அங்கே முருகன் திருவுருவை நிறுவச் செய்தார் என்பர். 1892ஆம் ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது.

ஈண்டு ஒரு பொருத்தத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏரிப் பூங்காவை முன்மொழிந்த வென்னிங் கருவூலத்தைச் சேர்ந்தவர். பத்துமலையில் வழிபாட்டைத் தொடங்கிய தம்புசாமிப் பிள்ளையும் கருவூலத்தில் பணியாற்றியவர். இரண்டு முயற்சிகளுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். முன்னதற்கு அரசின் நிலமும் பணமும் இருந்தன. பின்னதற்கு மக்களின் நம்பிக்கையே முதல். தம்புசாமிப் பிள்ளை வெள்ளையரோடு சரியாசனத்தில் அமரும் தகுதி பெற்றிருந்தவர். சிலாங்கூர் மன்றத்திலும் அவருக்கு இடம் இருந்தது. அந்த மன்றத்துப் படிகளை மிதிக்க இயலாத ஆயிரமாயிரம் பேர் ஏறும் படிகளுக்கு அவர் வழிகோலினார்.

தொடக்கத்தில் செங்குத்தான பாதைதான் இருந்தது. 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை கற்காரைப் படிகளாயின. இன்று 272 படிகள் இருப்பதை ஏறியோர் கால்களே எண்ணிச் சொல்லும்.

தைப்பூசத்தை நாம் காவடிகளின் திருநாளாகவே எழுதி வந்துள்ளோம். காவடி எடுத்தவர் ஒருவர் என்றால், அவரோடு வந்து அடிவாரத்தில் அமர்ந்தவர் பலர். அவர்கள் அங்கே செய்தவற்றை நினைவுகூர்ந்தால் அந்தத் திடலின் மற்றொரு முகம் புலப்படும். தோட்டத்திலிருந்து லாரியேறி வந்தோர் மரத்தடியில் பாய் விரித்துக் கட்டுச்சோற்றை அவிழ்த்தனர். ஆற்றில் குளித்தனர். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திற்கு வாழ்க்கைப்பட்ட அக்காளை ரவாங் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஆண்டுக்கொரு முறை கண்டது அங்கேதான். பெண் பார்த்தலும் பேசி முடித்தலும் அங்கே நடந்தன. கப்பலில் ஒன்றாக வந்து வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்தோர் ஒருவரையொருவர் தேடியதும் அங்கேதான். பிள்ளைகள் ஊதல் வாங்கினர், இராட்டினம் ஏறினர். பெண்கள் வளையல் வாங்கினர். வேண்டுதல் எதுவும் இல்லாதவரும் வந்தனர். ஒரு நகரப் பூங்கா மக்களுக்கு ஆற்றும் பணிகள் யாவை என்று கேட்டால் இவற்றைத் தவிர வேறு எவற்றைக் கூற முடியும்?

ஒரே மலை, இரு பயன்

1930ஆம் ஆண்டில் அரசு பத்துமலையைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குரிய ஒதுக்கு நிலமாக அரசிதழில் அறிவித்தது. மக்கள் முன்பே நிலைநாட்டிய உண்மையைச் சட்டம் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது எனலாம். ஆனால் அதே மலையின் மற்றப் பக்கங்களில் கல்லுடைப்பும் நடந்து வந்தது. சாலைக்கும் கட்டடத்திற்கும் சுண்ணாம்புக்கல் தேவைப்பட்டது. ஒரு பக்கம் தேங்காய் உடைந்தது. மறு பக்கம் மலையே உடைந்தது. நாற்பது கோடி ஆண்டுகள் பழமையானதென்று கூறப்படும் பாறை, வெடிமருந்தின் முன் சில நொடிகளில் சரிந்தது.

அம்மலைக்கு ஆதரவாக எழுந்த குரல்களை நாம் நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகத்தார் பத்துமலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் எடுத்துரைத்து 1971ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டி நூல் வெளிவரச் செய்தனர். 1980ஆம் ஆண்டளவில் கல்லுடைப்பு நின்றது. மலையின் உடலில் அந்த வடுக்கள் இன்னும் தெரிகின்றன.

காக்கப்பட்டது எத்துணை அரியது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 2014ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் ரூத் கியூ வெளியிட்ட ஆய்வின்படி, அச்சிறு மலையில் 366 வகைத் தாவரங்கள் உள்ளன. தீபகற்பத்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் காணப்படும் தாவர வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இது. அவற்றுள் ஐந்து வகைகள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ரப்பருக்கு வழிகாட்டிய ரிட்லியும் அங்கே சென்று செடிகளைச் சேகரித்தவரே. இருட்டுக் குகையில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தியின் அறிவியற் பெயரிலும் பத்துமலையின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. வேலவன் குன்றம் என்று நாம் வணங்கும் மலை, அறிவியலாரும் வணங்கத்தக்க மலையாக இருக்கிறது.

தோட்டம் பூங்காவானபோது

நாடு விடுதலை பெற்ற பின் தலைநகரின் பூங்காக்கள் பெருகின. 1980இல் திறக்கப்பட்ட தித்திவங்சா ஏரிப் பூங்கா, பழைய ஈயக்குட்டைகளைத் திருத்தி அமைத்தது. குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் இரட்டைக் கோபுரங்களும் அவற்றின் அருகே 50 ஏக்கர் பூங்காவும் தோன்றின. அதனை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற கலைஞர் புர்லே மார்க்ஸ். ஈயம் தோண்டிய பள்ளமும் பந்தயம் ஓடிய களமும் மக்கள் உலவும் வெளியாயின என்பது நற்செய்தியே.

ஆனால் ரப்பர்த் தோட்டம் பூங்காவானபோது ஒரு சிக்கல் எழுந்தது. தலைநகரின் மேற்கெல்லையில் இருந்த புக்கிட் கியாரா தோட்டத்தை 1980களின் தொடக்கத்தில் அரசு எடுத்துக்கொண்டது. அங்கே பால்மரம் சீவிய குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர், தற்காலிகமான நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். தற்காலிகம் என்ற சொல் பல பத்தாண்டுகள் நீண்டது. அவ்வீடுகளை ஒட்டிய நிலம் தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்காவாயிற்று. பின்னர் அப்பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடி அடுக்ககங்கள் கட்டும் திட்டம் எழுந்தது. நீண்ட வீட்டாருக்கான குடியிருப்பும் அதனோடு பிணைக்கப்பட்டது. 2017இல் வழங்கப்பட்ட கட்டுமான அனுமதியை அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவ்வனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. நகரின் கட்டமைப்புத் திட்டத்தில் பசுமை வெளி என்று குறிக்கப்பட்ட இடத்தைத் தக்க காரணம் கூறாமல் மாற்றவியலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பூங்காக்களைக் காக்க விரும்புவோருக்கு இது பெரிய வெற்றி. அதே வேளையில், அந்த நிலத்தில் உழைத்தவரின் வீடும் மற்றவரின் பசுமை வெளியும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தப்பட்டது எத்துணைப் பெரிய கொடுமை என்பதையும் எண்ணாதிருக்க முடியவில்லை. மரம் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மரநிழலும் வேண்டும், கூரையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நீதியாகாது.

நம் கையில் இருப்பது

கியாராவின் கதையோடு ஒப்பிட்டால் பத்துமலையின் அருமை விளங்கும். தோட்டத் திடல்கள் பல தோட்டங்களோடு மறைந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. நம் மக்கள் கூடிய வெளிகளுள் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்து நிற்பவை மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது பத்துமலை. யாரோ நமக்கு மனமிரங்கி அளித்ததால் அது நிலைக்கவில்லை. ஆண்டுதோறும் மக்கள் அங்கே வந்து அமர்ந்ததால் நிலைத்தது.

இன்று அதன் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. 2006ஆம் ஆண்டில் 140 அடி உயர முருகன் சிலை எழுந்தது. 2010இல் மின்தொடர்வண்டி மலையடிக்கே வந்தது. 2018இல் படிகள் பல வண்ணம் பூண்டன. உலகின் பல நாட்டாரும் வந்து படமெடுத்துச் செல்கின்றனர். 2012ஆம் ஆண்டில் மலையை ஒட்டி 29 மாடிக் கட்டடம் ஒன்று எழுப்ப முற்பட்டபோது, பக்தர்களும் குடியிருப்பாளரும் இயற்கை ஆர்வலரும் ஒருங்கே குரல் எழுப்பினர். மலைக்கு இரு வகைக் காவலர் உண்டென்பதையும், இருவரும் சேர்ந்து நிற்க முடியும் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஆயினும் ஆபத்து வெளியாரிடமிருந்து மட்டும் வருவதில்லை. முன்னர்க் குறிப்பிட்ட ஆய்வு, மலையைச் சூழ்ந்த விளிம்பு நிலமும் மண் மூடிய தாழ்சரிவுகளும் குகை வாயில்களுமே மிகுந்த இடருக்கு உள்ளானவை என்று சுட்டுகிறது. அவை நாம் நடமாடும் இடங்கள். வண்டி நிறுத்தவும் கொட்டகை போடவும் நாம் விரும்பும் இடங்கள். அடிவாரத்தில் நிழல் குறைந்து சிமெண்டுத் தரை மிகுந்து வருவதை ஆண்டுதோறும் செல்வோர் அறிவர். திருவிழா முடிந்த மறுநாட் காலையில் ஆற்றங்கரையிலும் திடலிலும் குவிந்து கிடக்கும் குப்பையை நாம் யார் மீதும் சுமத்த இயலாது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. அடிவாரத்தில் எஞ்சிய மரங்களைக் காத்தல், புதியன நடுதல், சரிவுகளை மேலும் வெட்டாதிருத்தல், கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருதல் என்பன எவராலும் இயல்வன. எழுதுவோர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. லாரியேறிப் பத்துமலைக்கு வந்து பாய் விரித்த தலைமுறையில் இன்னும் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். எந்த மரத்தடியில் அமர்ந்தார்கள், ஆற்றில் எந்தத் துறையில் குளித்தார்கள், யாரை எங்கே சந்தித்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஏரிப் பூங்காவுக்கு நாளும் ஏக்கரும் ஏட்டில் உள்ளன. பத்துமலைத் திடலின் கதை பெரும்பாலும் அம்முதியோர் நினைவிலேதான் உள்ளது.

அடுத்த தைப்பூசத்தன்று படியேறி இறங்கிய பின், சிறிது நேரம் அடிவாரத்தில் அமர்ந்து பாருங்கள். எந்தத் தோட்டத்திலிருந்தும் வராத, எந்த லயத்தையும் அறியாத சிறுவர்கள் அங்கே ஊதல் ஊதிக்கொண்டு ஓடுவார்கள். தங்கள் கொள்ளுப்பாட்டியார் வந்து இளைப்பாறிய இடத்தில் தாம் விளையாடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.